சபை வழியாக ஒரு குடும்பத்தைத் தாங்க நினைப்பவர்களுக்கு: களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்து நடைமுறை

தமிழ்நாடு, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஏழு குடும்பங்கள்; அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில், நான்கு குடும்பங்கள். இந்தப் பதினொரு குடும்பங்களுக்கும் எங்கள் கல்லூரித் தோழர் குழு மூன்று சபைகளின் துணையோடு நான்காண்டுகளாக உதவி வருகிறது. முதலாண்டில் நாங்கள் செய்தது ஒன்றும் உருப்படவில்லை. பணத்தை முதலில் அனுப்பிவிட்டுக் காகிதங்களைப் பிறகு கேட்டோம். குடும்பங்களின் பெயர்களை ஒரே ஒரு போதகரிடம் வாங்கினோம். அவர் மாற்றலாகிப் போனதும் அவரோடு விவரங்களும் போயின. ஒரு தாயின் வங்கிக் கணக்கில் காலையில் போட்ட பள்ளிக்கட்டணத்தை மாலைக்குள் குழுக்கடன் தவணை இழுத்துக்கொண்டது. சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு, ஊரிலுள்ள ஒரு சபையோடு சேர்ந்து நலிந்த குடும்பங்களைத் தாங்க நினைப்பவர்கள் இதே குழிகளில் விழக்கூடாது என்பதற்காக, நாங்கள் இப்போது பின்பற்றும் வரிசையை எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். பணம் இதில் ஏழாவது படியில்தான் வருகிறது.

1. சபையைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் பகுதியில் சில கிலோமீட்டருக்குள் பல ஆளுகைகள் வந்துவிடுகின்றன. தென்னிந்தியத் திருச்சபை என்றால் தமிழ்நாட்டுப் பக்கம் கன்னியாகுமரிப் பேராயம், கேரளப் பக்கம் தென் கேரள மகாயிடவகை (பேராயத்துக்கு மலையாளச் சொல்). லத்தீன் கத்தோலிக்கர் என்றால் இந்தப் பக்கம் குழித்துறை மறைமாவட்டம், அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை மறைமாவட்டம். மலங்கரைக் கத்தோலிக்கருக்கு மார்த்தாண்டமும் பாறசாலையும் தனித்தனி மறைமாவட்டங்கள். இரட்சணிய சேனையும் தனித்து நிற்கும் பெந்தெகொஸ்தே சபைகளும் இவற்றுக்கு வெளியே இருக்கின்றன. ஒரே தெருவிலுள்ள இரண்டு ஆலயங்களுக்கு இரண்டு மாநிலங்களில் தலைமையிடம் இருப்பது இங்கே சாதாரணம் என்பதால், யாரிடம் கடிதம் வாங்க வேண்டும் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

உங்களுடைய சொந்தச் சபைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். வீடுகளுக்குப் போய்வருபவர் யார் என்று விசாரியுங்கள். கத்தோலிக்கப் பங்கில் அது பெரும்பாலும் அன்பியப் (பங்கின் வீட்டுக்குழு) பொறுப்பாளராகவோ ஓர் அருட்சகோதரியாகவோ இருக்கும். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர் இருப்பார். பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டரின் மனைவிக்குத் தெரியாத வீடு இருக்காது. அவரோடு அரைநாள் நடந்து பாருங்கள். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் அவரிடம் தாமாக நின்று பேசினால் அந்தச் சபையோடு சேரலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் சபையைச் சேராத ஏழைக் குடும்பங்கள் இந்தத் தெருவில் எத்தனை என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த சபை உதவும். "அதெல்லாம் அவங்கவங்க சபை பாத்துக்கும்" என்கிற சபையை விட்டுவிடுங்கள். சபைப் பதிவேட்டிலிருந்து மட்டும் பட்டியல் எடுத்தால் வேறொரு சிக்கலும் வரும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வெட்கப்பட்டு ஆலயத்துக்கே வராமல் இருப்பார்கள்; பெரும்பாலும் நமக்கு வேண்டியவர்கள் அவர்கள்தான்.

2. சபையின் காகிதங்கள்

கேட்க வேண்டியவை: சபை அல்லது பேராயம் பதிவு பெற்ற பத்திரத்தின் நகல், பான் அட்டை நகல், வருமான வரித்துறையின் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக்கழிவு) பதிவுகளின் நகல், இருவர் கையெழுத்திட்டு இயக்கும் வங்கிக் கணக்கின் விவரம், கடைசி இரண்டாண்டுத் தணிக்கை அறிக்கை. கத்தோலிக்கரின் பங்குக்கோ, தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு போதகரின் கீழுள்ள சேகரத்துக்கோ பெரும்பாலும் தனிப் பதிவு இருக்காது. மறைமாவட்டத்தின் அல்லது பேராயத்தின் பதிவில்தான் அவை இயங்கும். ஆகவே ஆயர் இல்லத்திலிருந்தோ பேராய அலுவலகத்திலிருந்தோ ஓர் இசைவுக் கடிதம் வாங்க வேண்டும். எங்களுக்கு அதற்கு மட்டும் ஏழு வாரம் பிடித்தது. தவக்காலத்திலும் கிறிஸ்துமஸ் மாதத்திலும் இந்தக் கடிதத்தைக் கேட்டு அலையாதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது.

வழிபாட்டுக்காக மட்டும் பதிவான அறக்கட்டளைக்கு 80ஜி கிடைக்காது. மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கத்துக்கு அது இருக்கலாம். அப்படியானால் பணத்தை அதன் கணக்கில் போட்டு, இன்ன பங்கிலுள்ள இன்ன திட்டத்துக்கு என்று எழுதி வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை. சாதாரண ரசீது வரிக்குப் போதாது. நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் சங்கம் வருமான வரித்தளத்திலிருந்து எடுத்துத் தரும் 10பிஇ சான்றிதழ் வேண்டும். 2026 ஏப்ரலிலிருந்து 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. பழைய எண்ணைச் சொன்னாலும் ஆடிட்டருக்குப் புரியும்.

80ஜி இல்லாத சபை மோசமான சபை என்று பொருளில்லை. எங்கள் மூன்று சபைகளில் கணக்கை மிக ஒழுங்காக வைத்திருப்பது ஓட்டுக்கூரையின் கீழ் நாற்பது பேர் கூடுகிற ஒரு பெந்தெகொஸ்தே சபை. அதற்கு 80ஜி கிடையாது. ஆனால் கணக்கு தனியாள் பெயரில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நின்றுவிடுங்கள். "என் கூகுள் பே நம்பருக்கு அனுப்புங்க, நான் கொடுத்துர்றேன்" என்ற சொல்லை நம்பித்தான் முதலாண்டில் நாங்கள் ஏமாந்தோம். அவர் எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட அவராலும் முடியவில்லை, கேட்க எங்களாலும் முடியவில்லை.

3. வெளிநாட்டிலிருந்து வரும் பணம்

இதில் தவறினால் உங்களுக்கு அல்ல, சபைக்குத்தான் ஆபத்து. வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. சபை அவருடைய இந்தியக் கடவுச்சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். அவர் வேறொரு நாட்டின் குடியுரிமை பெற்றவராக இருந்தால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும்.

2020 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஓர் அமைப்பு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது, அந்த அமைப்பும் பதிவு பெற்றதாக இருந்தாலும்கூட. மறைமாவட்டச் சங்கம் வாங்கிப் பங்குக்குக் கொடுக்கும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. சங்கமே நேரடியாகக் குடும்பத்துக்கோ பள்ளிக்கோ செலவிட வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எங்கள் குழுவில் துபாயிலிருக்கும் நண்பர் ஒருவர் தன்னோடு வேலை செய்யும் வெளிநாட்டினரிடமும் வசூலித்துத் தன் பெயரில் மொத்தமாக அனுப்ப முன்வந்தார். நல்ல மனது, ஆனாலும் மறுத்துவிட்டோம். பிறர் பணம் அவர் பெயரில் வந்தாலும் பிறர் பணம்தான்.

4. குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தல்

சபை தரும் பட்டியலை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குடும்பம் மூன்று சபைகளின் பட்டியலிலும் இருக்கும்; அதில் குற்றம் ஒன்றுமில்லை, பசித்தவர் எல்லாக் கதவையும் தட்டத்தான் செய்வார். அக்கம்பக்கத்துச் சபைகளின் பொறுப்பாளர்களை ஒருமுறை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பெயர்களை ஒப்பிட்டுவிடுங்கள். ஒரு மாலை நேர வேலை, நிறையச் சங்கடத்தைத் தவிர்க்கும்.

பிறகு வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது குடும்ப அட்டை. கேரள அட்டை என்றால் நிறமே சொல்லிவிடும்: மஞ்சள் அந்தியோதயா (மிக ஏழைகளுக்கானது), இளஞ்சிவப்பு முன்னுரிமை, நீலமும் வெள்ளையும் முன்னுரிமை இல்லாதவை. தமிழ்நாட்டு அட்டையில் எழுத்தைப் பார்க்க வேண்டும்: பி.எச்.எச். என்றால் முன்னுரிமை, என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாதது. இந்த எழுத்து எல்லைப்பகுதியில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் வேறு மாநிலத்துக் கடையில் அரிசி வாங்கலாம் என்பது முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளுக்கு மட்டுமே. என்.பி.எச்.எச். அட்டைக்காரர் களியக்காவிளையில் இலவச அரிசி வாங்குவார். பாறசாலையில் வாடகை வீட்டுக்குக் குடிபோன அன்றிலிருந்து அந்தக் கடையில் அவருக்கு அரிசி இல்லை. எங்கள் நான்கு கேரளக் குடும்பங்களில் இரண்டு இப்படி அட்டை ஒரு மாநிலத்திலும் அடுப்பு வேறொரு மாநிலத்திலுமாக இருந்தவை.

பெயர்களையும் ஒப்பிடுங்கள். அந்தப் பக்கம் எடுத்த ஆதாரில் வீட்டுப்பெயர் ஒட்டியிருக்கும். இந்தப் பக்கத்து வங்கிப் புத்தகத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கும். பெயர் பொருந்தாத கணக்குக்கு அரசுப் பணமும் வராது, நம் பணமும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். அந்த அக்கா இருபது ஆண்டுகளாக முந்திரி ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீசில், கொட்டை உடைப்பவர். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் போயிருந்தது. நியாயவிலைக் கடையில் விரலை வைத்தால் கருவி ஏற்காது. தெருமுனையில் ஆதார் வைத்துப் பணம் எடுத்துத் தருபவரிடமும் அதே கதை. அவருக்கு நாங்கள் அனுப்பிய மூன்று மாதப் பணம் கணக்கில் அப்படியே கிடந்தது; எடுப்பதற்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் குழித்துறை வரை போக வேண்டும். கணக்குப் புத்தகத்தை என்னிடம் காட்டியவர், "எனக்கு பைசா வேண்டாம் மக்களே, பிள்ளைக்க பீசு மட்டும் கெட்டினா போதும்" என்றார். எங்கள் படிவத்தில் "கைரேகை வேலை செய்கிறதா?" என்ற கேள்வி அன்றுதான் சேர்ந்தது. கருவிழிப் பதிவுக் கருவி உள்ள கடையில் அவருக்கு இப்போது அரிசி கிடைக்கிறது. கட்டணத்தை நாங்கள் பள்ளிக்கே கட்டுகிறோம்.

படிவத்தில் எழுதக்கூடாதவை இரண்டு: மதமும் சாதியும். உதவிக்கு இரண்டும் தேவையில்லை. 1950 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படுவர் என்பதால், இந்தப் பகுதியில் பல குடும்பங்களுக்கு இது கல்விச் சலுகையோடும் வீட்டுத் திட்டத்தோடும் பிணைந்த நுட்பமான விஷயம். அந்தச் சான்றிதழ் அவர்களுக்கும் வருவாய்த்துறைக்கும் இடைப்பட்டது; நன்கொடைக்காரர் அதில் தலையிட வேண்டியதில்லை.

5. அரசு தருவதை முதலில் வாங்கிக் கொடுத்தல்

உங்கள் பணம் இறங்குவதற்கு முன் மூன்று மாதம் இதற்கென ஒதுக்குங்கள். கணவரை இழந்த தாய், கடும் நோயாளியான பெற்றோர், உறவினர் வீட்டில் வளரும் அனாதைப் பிள்ளை போன்ற நிலைகளில் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாயையும் மற்ற இடங்களில் 96,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும்: இந்தப் பக்கத்தவருக்கு நாகர்கோவில், அந்தப் பக்கத்தவருக்குத் திருவனந்தபுரம். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்துத்தான் கிடைக்கும் என்பதால் காத்திருக்க நேரும். விதவை ஓய்வூதியம், முதியோர் ஓய்வூதியம், தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

வருமானச் சான்றுக்கும் ஆதரவற்ற விதவைச் சான்றுக்கும் தமிழ்நாட்டில் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். கேரளத்தில் அக்ஷய மையத்துக்குப் போக வேண்டும். கட்டணம் சிறிது, அலைச்சல்தான் பெரிது. சபையிலிருந்து படித்த இளைஞர் ஒருவரை, பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்து, இதற்கென்றே அமர்த்துங்கள். எங்களைக் கேட்டால், நாலாண்டில் நாங்கள் செலவிட்ட பணத்தில் மிக நன்றாகப் பலித்தது இந்த இளைஞரின் பேருந்துக் கட்டணம்தான்.

6. ஒரு பக்க ஒப்பந்தக் கடிதம்

வெள்ளைத்தாளில், இரண்டு பிரதி, தமிழில். பாறசாலைச் சபையோடு என்றால் மலையாளத்திலும். கையெழுத்து போதகர் ஒருவருடையதாக மட்டும் இருக்கக்கூடாது. செயலரும் பொருளாளரும், கேரளப் பங்குகளில் கைக்காரரும் (பங்கின் நிர்வாகப் பொறுப்பாளர்), முத்திரையோடு போட வேண்டும். பங்குத்தந்தையருக்கும் போதகர்களுக்கும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டித்தான் இடமாற்றம் வருகிறது. அதாவது பள்ளிக்கட்டணம் கட்டுகிற அதே நேரத்தில். ஆகவே கோப்பின் ஒரு நகல் செயலர் வீட்டிலும் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். புதியவர் வந்த பதினைந்து நாளுக்குள் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

கடிதத்தில் தவறாமல் எழுத வேண்டியது: உதவிக்கும் ஆலயத்துக்கு வருவதற்கும் தொடர்பில்லை; ஞானஸ்நானம், காணிக்கை, சந்தா எதுவும் இதில் நிபந்தனையில்லை; ஞாயிறு ஆராதனையில் பெயரை வாசிப்பதில்லை. இதைச் சொன்னால் போதகர் மனம் நோவாரோ என்று முதலில் தயங்கினோம். பேசிப் பார்த்தபோது எங்கள் மூன்று சபைகளுக்கும் இந்த வரி நிம்மதியாகவே இருந்தது, ஏனென்றால் வெளியிலிருந்து சந்தேகத்தோடு கேள்வி வரும்போது எடுத்துக்காட்ட அவர்களுக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

7. பணமும் நாட்காட்டியும்

தாயின் கணக்கில் போடுவதற்கு முன், அந்தக் கணக்கிலிருந்து குழுக்கடன் தவணை தானாகப் பிடிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். பிடிக்கப்பட்டால், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத வேறொரு கணக்கு திறக்கச் சொல்லுங்கள். இரண்டாண்டு பரிவர்த்தனை இல்லாத கணக்கு செயலிழந்ததாகிவிடும். பழைய புத்தகத்தை நம்பாதீர்கள். பள்ளிக்கட்டணத்தைப் பள்ளிக்கும் மருந்துச் செலவை மருந்துக்கடைக்கும் சபைக் கணக்கிலிருந்து காசோலையாகக் கொடுப்பதும், வீட்டுச் செலவை மட்டும் தாயிடம் கொடுப்பதும் எங்களுக்கு ஒத்துவந்தது. வீட்டுச் செலவுக்குக் கணக்கு கேட்காதீர்கள். மீனுக்கா முட்டைக்கா என்று கேட்பது நம் வேலையல்ல.

மாதந்தோறும் ஒரே தொகை என்பது கணக்கெழுத எளிது, குடும்பத்துக்குப் பொருந்தாது. ரப்பர் பால்வெட்டும் வீடுகளுக்கு ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் வேலை நின்றுபோகும்; இலை உதிர்ந்த பிறகு மரத்துக்கு ஓய்வு கொடுக்கும் மாசி, பங்குனியிலும் கூலி இல்லை. விசைப்படகுக்குப் போகும் வீடுகளுக்கு மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடை தமிழ்நாட்டில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள், கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள். நீரோடிக்காரருக்கும் பொழியூர்க்காரருக்கும் ஒரே கடல், ஒன்பது நாள் வேறுபாடு. பள்ளி திறப்பதும் ஜூனில்தான். நாங்கள் ஆண்டுத்தொகையில் ஏறக்குறையப் பாதியை மே கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் கொடுத்துவிடுகிறோம். கிறிஸ்துமஸ் மாதத்தில் குறைவாகவே கொடுக்கிறோம், அப்போது கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

சபையில் முதன்முதலாகப் பேசிய நாளிலிருந்து முதல் காசோலை போகும்வரை ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் கட்டணம் கட்ட வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் பேச்சைத் தொடங்க வேண்டும்.

8. பிள்ளைகள், படங்கள்

காசோலையைப் பெரிதாக அச்சடித்துப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படமெடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எங்கள் முதலாண்டுப் படம் ஒன்று வாட்சாப்பில் சுற்றி அந்தப் பெண்பிள்ளையின் வகுப்புக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. இப்போது முகம் தெரியும் படம் எதுவும் எடுப்பதில்லை. நன்கொடையாளர்களுக்குக் கட்டண ரசீதின் படத்தை, பெயரை மறைத்து, அனுப்புகிறோம்; இதனால் விலகியவர் ஒருவரே.

பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த இல்லம் 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவானதா என்று கேளுங்கள். பதிவாகியிருந்தாலும் பிள்ளையைத் தாயோடு வைத்திருக்க என்ன செலவாகும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். வீட்டுக்குப் போய்வருபவருக்கு ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தால், சபைக்குள் பேசி முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தை உதவி எண் 1098. இதை ஒப்பந்தக் கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

9. நிறுத்துவது

எப்போது நிறுத்துவோம் என்பதையும் முதல்நாளே குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். நாங்கள் மூன்றாண்டு என்று சொல்கிறோம். பிள்ளை பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருந்தால் தேர்வு முடியும்வரை நீட்டிக்கிறோம். நிறுத்துவதற்கு ஆறு மாதம் முன்பே, தாயிடம் நேரில், சபையிலிருந்து வீட்டுக்குப் போய்வருபவரையும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். கடைசிக் காசோலையோடு அந்தக் குடும்பத்தின் சான்றிதழ் நகல்கள் அனைத்தையும் ஓர் உறையிலிட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுத்து, நம் கோப்பிலிருப்பதை அவர்கள் கண்முன்னே கிழித்துவிடுங்கள். வரிக்கணக்குக்கு வேண்டிய ரசீதுகளை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.